ரோட்டவேட்டர் போட்டா 20 நிமிஷத்துல திணறி ஆஃப் ஆகுது: மினி டிராக்டர் டீசல் வரத்துச் சிக்கல்

ஆனைமலைத்_தோப்பு

வணக்கமுங்க. 24 எச்.பி., மூணு சிலிண்டர் மினி டிராக்டர், நாலடி ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறிப் பொடியாக்கறது). முழு வேலையும் தென்னந்தோப்புக்குள்ளதான். மணி மீட்டர் 1,140 காட்டுது.

காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது, ஐட்லிங் சுத்தம். ரோட்டவேட்டரை எறக்கி பி.டி.ஓ.வை (ரோட்டவேட்டரைச் சுத்த வைக்கிற தண்டு) நிமிஷத்துக்கு 540 சுத்துல வச்சு ஓட்டுனா 20, 25 நிமிஷம் நல்லா இழுக்குது. பொறவு ரேஸ் தானா எறங்கி, குப்பு குப்புன்னு வெள்ளையாப் புகை விட்டு ஆஃப் ஆயிருது. பத்து நிமிஷம் உட்டுப்போட்டுச் சாவி திருப்புனா எடுத்துக்குது, ஆனா அடுத்த தடவை 10 நிமிஷம்கூடத் தாங்கறதில்லை. ரோட்டுல சும்மா ஓட்டுனா ஒரு தொந்தரவும் கெடையாது. டேங்க் முக்காலுக்கு மேல இருந்தா தேவலை, பாதிக்குக் கீழ போனா மோசம்.

டீசல் ஃபில்டர் புதுசு மாத்தியாச்சு. ஏர் ஃபில்டரும் பாத்தாச்சு. பக்கத்து மெக்கானிக் எஃப்.ஐ. பம்ப்பை (சிலிண்டருக்கு டீசலை அழுத்தித் தள்ளற பம்ப்) கழட்டி பெஞ்சுல போட்டுச் சோதிக்கலாம்ங்கறாரு. கழட்டறதுக்கு முன்னால என்னென்ன பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பல்லடம்_காடு

மொதல்ல டேங்க் மூடியைப் பாருங்க. மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருந்தா இப்பிடித்தான் ஆகும். டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வராட்டி உள்ளுக்குள்ள இழுவை புடிச்சுக்கும், டீசல் எறங்காது. பத்து நிமிஷம் நிறுத்துனா மெல்லக் காத்து கசிஞ்சு போயிரும், மறுபடி ஓடும். ஆஃப் ஆன உடனே மூடியைத் திருகுங்க. புஸ்ஸுனு சத்தம் வந்தா அதேதான்.

காங்கயம்_ஸ்பேனர்

பல்லடத்தார் சொன்னது சரிங்க. ஆனா இதே அறிகுறியோட இன்னும் ரெண்டு கோளாறு வரும்.

ஒண்ணு, டேங்க் அடியில கெடக்கிற குப்பை. இன்ஜின் ஓடும்போது டீசல் ஓட்டத்தோட வந்து அவுட்லெட் வாயில ஒட்டிக்கும். நிறுத்துனா ஓட்டம் நின்னு அது தானா உழுந்துரும், திருப்பி வழி கெடைக்கும். இன்னொண்ணு, ரப்பர் ஹோஸோட உள்தோல். பழைய ஹோஸ் வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும், உள்ள தோல் பிரிஞ்சு தொங்கும். இழுவை வந்தவுடனே அது ஒட்டிக்கிட்டு வழியை மூடிரும்.

மூடியா, மத்த ரெண்டுல ஒண்ணான்னு பிரிக்கறதுக்கு மூடியே போதும். மூடியை லூஸா வச்சு, மேல ஒரு துணி போட்டு (தோப்புத் தூசி உள்ள போகக்கூடாது) அதே லோடுல ஓட்டுங்க. 40 நிமிஷம் நிக்காம ஓடுச்சுன்னா மூடிதான் குத்தவாளி. அதே 20 நிமிஷத்துல நின்னா மூடியை மறந்துருங்க.

எஃப்.ஐ. பம்ப்பைப் பத்தி: எலிமென்ட் (பம்ப்புக்குள்ள டீசலை அழுத்தற பிளஞ்சரும் அது ஓடற பேரலும்) தேஞ்சாலும் சூட்டுல டீசல் இளகிக் கசிஞ்சு பவர் கொறையும்கறது நெசம். ஆனா அதுல மொதல்ல தெரியறது சூட்டு ஸ்டார்ட்டிங். வண்டி சூடா இருக்கும்போது செல்ஃப் அடிச்சாலும் எடுக்காது, ஆறுனாத்தான் எடுக்கும். அது ஒரு வேளை வந்து ஒரு வேளை போற கோளாறும் இல்லை, மாசக்கணக்குல கொஞ்சங்கொஞ்சமாக் கூடும். பம்ப்பு மேல கை வைக்கறது கடைசிங்க.

பொகையும் ஒரு சேதி சொல்லுது. கருப்பாப் பொகைஞ்சு பவர் கொறைஞ்சா காத்து பத்தலை, இல்லாட்டி நாசில் (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சறது) ஊத்துது. பொகையே இல்லாம பவர் எறங்கி, கடைசியில வெள்ளையா ரெண்டு குப்பு விட்டா டீசல் பத்தலை, நடுவுல காத்து வருது. உங்களது ரெண்டாவது.

நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்க:
டேங்க் எஃப்.ஐ. பம்ப்புக்கு மேல இருக்குதா, கீழயா?
டீசல் டேங்க் அடியில இருந்து வருதா, மேல இருந்து பைப் உட்டு உறிஞ்சுதா?
ஃபீட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலை இழுத்துக் குடுக்கறது) கரண்ட்டா, இன்ஜின்ல ஓடறதா?
டிப் ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்கற குச்சி) இன்ஜின் ஆயில் மட்டம் ஏறியிருக்குதா?

ஆனைமலைத்_தோப்பு

டேங்க் சீட்டுக்கு அடியில, சைடுல. ஃபுல்லா இருந்தா எஃப்.ஐ. பம்ப்புக்குச் சரிமட்டம் வரும், பாதி ஆனா கீழதான். அவுட்லெட் அடியில, ஒரு டேப் இருக்குது. டேப்ல இருந்து ஹோஸ், கண்ணாடி பவுல் (தண்ணி பிரிக்கறது), மறுபடி ஹோஸ், கரண்ட் ஃபீட் பம்ப், ஃபில்டர், அப்பறம் எஃப்.ஐ. பம்ப். ரிட்டர்ன் டேங்குக்குத் திரும்புது. சாவி போட்டா ஃபீட் பம்ப் டக் டக்குங்குது. ஆயில் மட்டம் சரியா இருக்குது.

மூடியைத் தொறந்து வச்சு ஓட்டிப் பாத்தாச்சுங்க. அதே கதைதான்.

டீசல்_பெஞ்ச்

ஆயில் மட்டத்தை ஏன் கேட்டார் என்பது மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். இன்ஜினோடு ஓடும் டயாஃபிரம் ஃபீட் பம்ப்பில் டயாஃபிரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்தால் டீசல் நேராக இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கும். மட்டம் ஏறும், ஆயில் தண்ணியாகும், டிப் ஸ்டிக்கில் டீசல் வாடை அடிக்கும். அந்த நிலையில் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும். கரண்ட் பம்ப்பில் இந்த ஆபத்து இல்லை.

இனி மூடி கணக்கில் இல்லை. அளந்து பார்க்க வேண்டிய நேரம்.

24 எச்.பி. இன்ஜின் முழு லோடில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 5.5 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 90 மில்லி. குவாட்டர் பாட்டில் 180 மில்லி, ரெண்டு நிமிடத்தில் காலி. ஐட்லிங்கில் இதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், அதனால்தான் பாதி அடைத்த லைனிலும் ரோட்டில் சும்மா ஓட்டும்போது வண்டி ஒன்றும் சொல்லாது.

முதல் அளவு டேங்கில் இருந்து. பவுலுக்குப் போகும் ஹோஸை பவுல் பக்கம் கழற்றி, தரையில் வைத்த கேனுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். டேங்க் பாதிக்கு மேல் இருக்கட்டும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நல்லா வருது என்று முடித்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் விடுங்கள், ஒவ்வொரு நிமிடமும் தனித்தனியாக எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். குப்பை இருந்தால் மூன்றாவது நான்காவது நிமிடத்தில்தான் வந்து அடைக்கும். எட்டு மில்லிமீட்டர் உள்ளளவு ஹோஸ் என்றால் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், கடைசிவரை ஒரே சீராக வர வேண்டும்.

வாயால் உறிஞ்சாதீர்கள். ஒரு மடக்கு புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

வெள்ளகோயில்_வண்டி

எதுக்குங்க இவ்வளவு வேலை. லிட்டருக்கு 100 மில்லி மண்ணெண்ணெய் கலந்து ஊத்துங்க, லைன் எல்லாம் தானாக் கழுவிட்டுப் போயிரும். முடியலைன்னா ஃபில்டரைத் தாண்டி நேரா ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்க, அடைப்பு எங்கேன்னு தெரிஞ்சுரும்.

டீசல்_பெஞ்ச்

ரெண்டுமே வேண்டாம்.

எஃப்.ஐ. பம்ப்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். அதற்குத் தனியாக ஆயில் கிடையாது, ஓடுகிற டீசலே ஆயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு இல்லை. 2020 ஏப்ரலில் இருந்து வரும் பி.எஸ். 6 (புகை விதி) டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.தான், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு. கந்தகத்தைப் பிரிக்கும்போது போகிற வழவழப்பை ஈடுகட்ட ரிஃபைனரியிலேயே மருந்து சேர்த்து அனுப்புகிறார்கள். அதில் போய் மண்ணெண்ணெய் கலந்தால் அந்தக் கணக்கே கெட்டுவிடும்.

ஃபில்டரைத் தாண்டி ஓட்டுவது அதைவிட மோசம். அடைப்பு எங்கே என்று தெரிகிற அதே ஐந்து நிமிடத்தில் அந்தக் குப்பை பம்ப்புக்குள் போய்விடும். தண்ணீர் போனால் எலிமென்ட் துருப்பிடிக்கும், மண் போனால் கோடு விழும். ரெண்டுக்கும் புது எலிமென்ட்தான். ஃபில்டர் மேல் சந்தேகம் இருந்தால் புது ஃபில்டர் போட்டுச் சோதியுங்கள்.

ஆனைமலைத்_தோப்பு

அளந்தாச்சுங்க. டேங்க் முக்கால் இருந்தது. மொதல் நிமிஷம் 750 மில்லி, ரெண்டாவது 700, மூணாவது 350, நாலாவது 120, அஞ்சாவது நிமிஷம் நூலாட்டம் வந்து சொட்ட ஆரம்பிச்சிருச்சு. டேப்பை மூடிச் சித்தநேரம் உட்டுத் தொறந்தா மறுபடி நல்லா வருது.

காங்கயம்_ஸ்பேனர்

அப்போ டேங்குக்குள்ள குப்பைங்க, இல்லாட்டி டேங்க்ல இருந்து பவுல் வரைக்கும் வர்ற ஹோஸ். ஹோஸைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க. உள்ள தோல் பிரிஞ்சிருந்தாத் தெரியும்.

டேங்க் சுத்தம் பண்ற மொறை. வண்டி ஆறட்டும், சைலன்சர் கையில தொடற அளவுக்கு. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிப்போடுங்க. டீசலை மூடி இருக்கிற கேன்ல எறக்கி அப்பிடியே வச்சிருங்க, ஒரு ராத்திரி தெளியட்டும். பொறவு டேப்பையே மரையோட கழட்டுங்க. நொம்பப் பேரு டேப்போட நிறுத்திப்போடுவாங்க. டேப்புக்கு மேல, டேங்குக்குள்ள நீட்டிக்கிட்டு ஒரு சின்ன சல்லடைக் குழாய் இருக்கும், அடைப்பு பெரும்பாலும் அதுலதான்.

ரெண்டு லிட்டர் சுத்தமான டீசல் ஊத்தி, டேங்க்கை ஆட்டி வடிங்க. சுத்தமா வர்ற வரைக்கும் செய்யணும். தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, மூலையில நிக்கிற ஒரு சொட்டு வெளிய வராது. பெட்ரோல் ஊத்திக் கழுவறதும் வேண்டாம். தேய்க்கறதுக்குப் பழைய வேட்டித் துணி, பனியன் எடுக்காதீங்க. அந்த நூல்தான் அடுத்த மாசம் சல்லடையில உக்காரும்.

கம்ப்ரஸர்ல அவுட்லெட் வழியா டேங்குக்குள்ள ஊதிப்போட்டு "சரியாப்போச்சு"ன்னு போறவங்க உண்டு. குப்பை டேங்குக்குள்ளதான் திருப்பிப் போகுது. ரெண்டு நாள் ஓடும், பொறவு அதே எடம். அப்பிடி ஊதறதா இருந்தாலும் பவுல், ஃபீட் பம்ப் எல்லாம் கழட்டின பொறவு, மூடியைத் தொறந்து வச்சு, கொறைஞ்ச காத்துல.

ஆனைமலைத்_தோப்பு

சல்லடைக் குழாய் பாதி மூடிக் கெடந்துதுங்க. தேங்காய் நார்த்தூளு, அதுக்கு மேல கருப்பா வழுவழுன்னு சளியாட்டம் ஒண்ணு. விரல்ல தேச்சா ஒட்டுது. டேங்க் அடியில ஒரு டம்ளர் அளவு தண்ணி. ஹோஸ் உள்ள நல்லாத்தான் இருக்குது.

இந்தக் கருப்புச் சளி என்னங்க?

டீசல்_பெஞ்ச்

பாசி என்பார்கள். உண்மையில் பாக்டீரியாவும் பூஞ்சையும். டீசலுக்கு அடியில் தண்ணீர் நின்றால் அந்த ரெண்டும் தொடும் இடத்தில் வளரும். தண்ணீர் இல்லாவிட்டால் வளராது. ஆகவே மருந்து தேடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டீசல் பங்க்கில் இருந்து நேராக டேங்குக்குப் போகிறதா, டிரம்மில் வைத்து ஊற்றுகிறீர்களா?

நார்த்தூள் வந்த வழி தெளிவு. மட்டை தூளாக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி மூடியைத் திறந்தால் வாய்ச்சுற்றில் இருப்பதெல்லாம் உள்ளே விழும். திறப்பதற்கு முன்னால் துடைப்பது ஒரு பக்கம், வாயில் இருக்கும் வலைச் சல்லடையைக் கேன் வாய் நுழையவில்லை என்று கழற்றி எறியாமல் இருப்பது இன்னொரு பக்கம்.

கோபி_மஞ்சக்காடு

டிரம் விசயம் வந்ததால நானும் சொல்றேன். இந்தப் பக்கம் பாதிப் பேருக்குக் கோளாறே டிரம்லதான்.

200 லிட்டர் டிரம்மை வெளியில செங்குத்தா நிறுத்தி வச்சா மேல மழைத்தண்ணி தேங்கும். பகல் வெயில்ல டிரம் சூடாகி உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு மூடி வழியா வெளிய போகும். ராத்திரி குளுந்தா திருப்பி இழுக்கும். அப்போ மூடி மேல நிக்கிற தண்ணியையும் சேத்து உள்ள இழுக்கும். மூடி இறுக்கமா இருக்குதுன்னு நம்பிக்க வேண்டாம். கூரைக்கு அடியில வைங்க. முடியாட்டிப் படுக்க வச்சு, ரெண்டு மூடியும் ஒரே மட்டத்துல, டீசலுக்குள்ள முழுகி இருக்கிற மாதிரி வைங்க.

நிக்க வச்சா ஒரு பக்கம் செங்கல் குடுத்துச் சாய்ச்சு வைங்க. தண்ணியும் வண்டலும் தாழ்ந்த பக்கம் போகும். உறிஞ்சற பைப்பை ஒசந்த பக்கம், அடியில இருந்து மூணு விரக்கடை மேல நிறுத்துங்க. டீசல் எறக்குன அன்னைக்கே வண்டிக்கு ஊத்தாம ஒரு நாள் தெளிய உடுங்க.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) டிரம், ஜி.ஐ. பைப் ஆகாதுங்க. துத்தநாகம் டீசலோட சேந்து சோப்பாட்டம் ஒண்ணு உண்டாகும், ஃபில்டரை அடைக்கும். சாதா இரும்பு, இல்லாட்டி டீசலுக்குன்னே வர்ற பிளாஸ்டிக் கேன்.

வண்டி டேங்க்கைப் பொழுதோட வேலை முடிஞ்சவுடனே ரொப்பிப் போடுங்க, காலையில வேண்டாம். காலியா இருக்கிற டேங்குல ராத்திரிப் பனிக்கு உள்சுவர்ல வேர்த்து அடியில எறங்கும். ஆனைமலை ஓரத்துல ஐப்பசி கார்த்திகையில கேக்கவே வேண்டாம்.

ஆனைமலைத்_தோப்பு

டிரம்தானுங்க, வெளியதான் நிக்குது. மாத்திப்போடறேன்.

டேங்க், டேப், சல்லடை எல்லாம் கழுவி மாட்டியாச்சு. இப்ப அஞ்சு நிமிஷமும் 700 மில்லி சொச்சம் சீரா வருது. வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்காம ஓடுச்சு. ஆனா முழுசாத் தீரலை. டேங்க் பாதிக்குக் கீழ போனவுடனே ரேஸ்ல ஒரு மிஸ்ஸிங். ஆஃப் ஆகறதில்லை, மூச்சு வாங்கி வாங்கி ஓடுது. காலையிலயும் முன்ன மாதிரி ஒரே செல்ஃப்ல எடுக்கலை, ரெண்டு மூணு தடவை அடிக்க வேண்டியிருக்குது. கழுவி மாட்டுன பொறவுதான் இது.

பல்லடம்_காடு

சக்ஷன் பைப்புல ஓட்டை. மேல இருந்து உறிஞ்சற டேங்க்ல பைப் நடுவுல வெடிச்சிருந்தா டீசல் அந்த மட்டத்துக்குக் கீழ போனவுடனே காத்துதான் வரும். பாதி டேங்க்னு சரியாச் சொல்றாரு பாருங்க.

காங்கயம்_ஸ்பேனர்

அவருது அடியில அவுட்லெட்டுங்க, உறிஞ்சு பைப்பே இல்லை. ஆனா காத்துன்னு சொன்னது சரி.

டேங்க் ஃபுல்லா இருக்கிறப்ப டீசல் பம்ப் மட்டத்துக்கு வந்துருது. ஜாயின்ட்ல ஓட்டை இருந்தா டீசல் வெளிய வேர்க்கும், காத்து உள்ள போகாது. மட்டம் கீழ போனா ஃபீட் பம்ப் கீழ இருந்து இழுக்கணும். பம்ப்புக்கு முன்னால இருக்கிற லைன் முழுக்க இழுவையில இருக்கும். அதே ஓட்டையில இப்போ டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். இதனாலதான் "எங்கயும் ஒழுகலையே"ங்கற பேச்சை நான் கணக்குல எடுக்கறதில்லை. ராத்திரி நின்னா அதே ஓட்டை வழியாக் காத்து புகுந்து லைன்ல இருக்கிற டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிரும், காலையில மூணு செல்ஃப்.

ஒரு முழ நீளம் தெளிஞ்ச பிளாஸ்டிக் டியூப் வாங்கி, பவுலுக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவுல தற்காலிகமாப் போடுங்க. சாவி போட்டு ஃபீட் பம்ப் மட்டும் ஓடட்டும். மொத நிமிஷம் வர்ற குமிழியை உட்டுருங்க, மாட்டும்போது புகுந்த காத்து அது. அதுக்கப்பறமும் குண்டூசித் தலையளவு குமிழி நிக்காம வந்தா ஓட்டை டியூப்புக்கு முன்னால இருக்குது: டேப் மரை, ஹோஸ் கிளிப், இல்லாட்டி பவுல். குமிழியே இல்லைன்னா டியூப்பை ஃபீட் பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் நடுவுல மாத்துங்க. சோதனை முடிஞ்சா டியூப்பைக் கழட்டிருங்க, அது டீசல்ல வெறைச்சு வெடிக்கும்.

குமிழி வந்தா எடத்தைக் கண்டுபிடிக்கறது லேசு. டேப்பை மூடி, டேப் பக்கம் ஹோஸைக் கழட்டி அதுல சைக்கிள் பம்ப்பை மாட்டுங்க. பவுலோட வெளிவாயை அடைச்சு 3, 4 பி.எஸ்.ஐ. காத்தழுத்தம் குடுங்க, அதுக்கு மேல வேண்டாம், கண்ணாடி. ஜாயின்ட்டுல எல்லாம் சோப்புத் தண்ணி தடவுனா ஓட்டை நொரைக்கும். டேங்க்கோட சேத்துக் காத்தடிக்காதீங்க, பிளாஸ்டிக் டேங்க் உப்பிக்கும்.

கழுவி மாட்டுன பொறவு வந்ததுன்னா என் சந்தேகம் பவுல் ஓ-ரிங் (கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்).

ஆனைமலைத்_தோப்பு

பவுல்தானுங்க. குமிழி சரமா வந்தது, சோப்புத் தண்ணிக்குப் பவுல் கழுத்துல நொரைச்சுது. பழைய ஓ-ரிங் தட்டையாப் போயிருந்ததால ஹார்டுவேர் கடையில அளவு பாத்து ஒண்ணு வாங்கிப் போட்டிருந்துது. கழட்டிப் பாத்தா அது உப்பிக் காடியை உட்டு வெளிய பிதுங்கி நிக்குது.

டீசல்_பெஞ்ச்

தண்ணீர்க் குழாய்க்கு வரும் சாதா ரப்பர். டீசலில் சில நாளில் உப்பிவிடும். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள், விட்டான் (Viton) ரப்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி ஓ-ரிங் விலை பெரிதல்ல, அதையே போடுங்கள். காடியைத் துணியில்லாமல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஓ-ரிங்குக்கு டீசல் தடவி உட்கார வையுங்கள். பவுல் நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் கண்ணாடி வெடிக்கும் அல்லது ரிங் முறுக்கிக்கொள்ளும்.

ஹோஸ் கிளிப்பும் அப்படியே. திருகு கிளிப்பை மேலே மேலே இறுக்கினால் ஹோஸ் வெட்டுப்பட்டு அங்கேயே காற்று இழுக்கும்.

கொடுமுடி_ஆறு

ஏனுங்க, ஏர் எடுக்கறதை (லைன்ல புகுந்த காத்தை வெளியேத்தறது) ஒரு தடவை முழுசா எழுதிப் போடுங்களேன். நமக்கு இருக்கிறது ரெண்டு சிலிண்டர், கைப்பம்ப் வச்சது. ஃபில்டர் மாத்துனா ஒவ்வொரு தடவையும் ஆள் தேட வேண்டியிருக்குது.

காங்கயம்_ஸ்பேனர்

எழுதறேன். மொதல்ல ஏன்னு தெரிஞ்சுக்குங்க. நாசில் தொறக்கறதுக்கு இன்ஜினைப் பொறுத்து 140 பார், 200 பார் அழுத்தம் வேணும். டீசல் அமுங்காது, பிளஞ்சர் தள்ளுனவுடனே அழுத்தம் ஏறும். காத்து அமுங்கி விரியும். பிளஞ்சர் எத்தனை தடவை தள்ளுனாலும் காத்து அமுங்கித் திரும்புமே தவிர நாசில் தொறக்காது. அதனால டேங்க் பக்கம் இருந்து வரிசையா காத்தைத் தள்ளிக்கிட்டே வரணும், நடுவுல தாண்டக்கூடாது.

டேங்க் பாதிக்கு மேல, டேப் தொறந்து. ஸ்டாப் நாப் (இன்ஜினை நிறுத்த இழுக்கற குமிழ்) முழுசா உள்ள. ஃபில்டர் தலையில இருக்கிற ஏர் போல்ட்டை ஒண்ணரைச் சுத்து லூஸ் பண்ணுங்க, கழட்ட வேண்டாம். கைப்பம்ப்பை அடிங்க. நொரை, குமிழி, பொறவு தெளிஞ்ச டீசல் வரும். தெளிஞ்சு வந்துக்கிட்டு இருக்கும்போதே, பம்ப் அடிச்சுக்கிட்டே போல்ட்டை இறுக்குங்க. கையை எடுத்துப்போட்டு இறுக்குனா ஒரு மடக்குக் காத்து திரும்பிப் போகும். கைப்பம்ப் லூஸாவே போய் வந்தா இன்ஜின் கேம் அதைத் தூக்கிப் பிடிச்சிருக்குது. இன்ஜினைக் கால் சுத்து திருப்பி உட்டு அடிங்க. ரெண்டு ஃபில்டர் இருந்தா மொதல் ஃபில்டர், பொறவு ரெண்டாவது.

அடுத்தது எஃப்.ஐ. பம்ப்புல இருக்கிற ஏர் போல்ட், அதே மொறை.

கடைசியா நாசில் பக்கம். பைப் நட்டை (பெரும்பாலும் 17 ஸ்பேனர்) ஒரு சுத்து லூஸ் பண்ணி, ஆக்சிலேட்டர் முழுசா வச்சு செல்ஃப் அடிங்க. 10 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, ஒரு நிமிஷம் ஆற உடுங்க, இல்லாட்டி செல்ஃப் மோட்டார் வெந்துரும். நட்டு ஓரத்துல டீசல் துடிச்சுத் துடிச்சு வந்தா அந்தச் சிலிண்டர் ஆச்சு, இறுக்குங்க. ரெண்டாவது வர்றதுக்குள்ளயே இன்ஜின் எடுத்துக்கும். நட்டுக்கு 25, 30 நியூட்டன் மீட்டர் போதும். இறுகலைன்னு இன்னும் இழுத்தா பைப்போட கூம்பு வாய் நசுங்கும்.

பேஞ்சோ போல்ட் (உள்ள ஓட்டை வழியா டீசல் போற போல்ட்) கழட்டியிருந்தா காப்பர் வாஷர் புதுசு போடுங்க. கெடைக்காட்டிப் பழசைச் செவக்கச் சுட்டுத் தண்ணியில போட்டு எடுங்க, இளகிக்கும், ஒரு தடவைக்குத் தாங்கும்.

இந்த வேலையில பயப்பட வேண்டிய எடம் ஒண்ணு உண்டு. இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்புல கசிவு இருக்குதான்னு விரலை வச்சுப் பாக்காதீங்க. ஊசி மாதிரித் தோலைத் துளைச்சு டீசல் உள்ள போயிரும். வெளிய சிறு புள்ளிதான் தெரியும், வலியும் மொதல்ல இருக்காது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க. தப்பித்தவறிப் பட்டுச்சுன்னா மருந்துக்கடையில களிம்பு வாங்காம நேரா அறுவை சிகிச்சை பண்ற ஆஸ்பத்திரிக்குப் போங்க, டீசல் உள்ள போயிருச்சுன்னு சொல்லுங்க.

கோபி_மஞ்சக்காடு

புது ஃபில்டரை டீசல் ரொப்பி மாட்டுனா பாதி வேலை மிச்சமுங்களே?

டீசல்_பெஞ்ச்

எந்த ஓட்டை வழியாக ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருகி மாட்டும் ஃபில்டரில் சுற்றிலும் இருக்கும் சின்ன ஓட்டைகள் டீசல் உள்ளே போகும் பக்கம். நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை வடிகட்டின பக்கம். எல்லோரும் நடுவில்தான் ஊற்றுகிறார்கள், அது வடிகட்டாத டீசலை நேராக எஃப்.ஐ. பம்ப்புக்கு அனுப்புவது. ஊற்றத்தான் வேண்டும் என்றால் நடு ஓட்டையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு சின்ன ஓட்டைகளில் ஊற்றுங்கள். கைப்பம்ப்போ கரண்ட் பம்ப்போ இருக்கும் வண்டிக்குக் காலியாகவே மாட்டி பம்ப் அடிப்பதுதான் என் விருப்பம்.

காங்கயம்_ஸ்பேனர்

கரண்ட் பம்ப்புல இன்னொரு விசயம். டக் டக்குனு சத்தம் வருதுங்கறதால மட்டும் நல்லா இருக்குதுன்னு எடுத்துக்காதீங்க. ஃபில்டருக்குப் போற ஹோஸைக் கழட்டி பாட்டில்ல உட்டு 30 செகண்ட் ஓட்டுங்க, 200 மில்லிக்குக் கொறையக்கூடாது. மேனுவல்ல வேற எண் இருந்தா அதைப் பிடிங்க. கொறைஞ்சா, சில மாடல்ல பம்ப் அடி மூடியைத் திருப்புனா உள்ள ஒரு சின்ன வலை இருக்கும், அதைக் கழுவுங்க. பொறவு பம்ப் ஓடும்போதே பிளக்குல வோல்ட் பாருங்க. 12 வரணும், 10-க்குக் கீழன்னா எர்த் வயர் துரு.

ஸ்டாப் கேபிளும் பாருங்க. நாப் உள்ள போனாலும் பம்ப்புல இருக்கிற ஸ்டாப் லீவர் முழுசாத் திரும்பாம பாதியில நின்னா டீசல் கட்டாகியே ஓடும். ஆள் ஒருத்தர் நாப்பைத் தள்ள, லீவரைக் கண்ணால பாத்தாத்தான் தெரியும்.

ஆனைமலைத்_தோப்பு

கம்பெனி ஓ-ரிங் போட்டு, கிளிப் ரெண்டு மாத்தியாச்சுங்க. தெளிஞ்ச டியூப்புல ஒரு குமிழி இல்லை. ஃபீட் பம்ப் 30 செகண்டுக்கு 260 மில்லி. கால் டேங்க் வரைக்கும் ரோட்டவேட்டர் ஓட்டியாச்சு, ரேஸ் எறங்கலை. காலையில ஒரே செல்ஃப். எஃப்.ஐ. பம்ப் கழட்டவே இல்லை.

ஒண்ணு மட்டும் கேக்கணும். ஒரு நாசில் தலையில இருந்து அடுத்த நாசிலுக்கு ஒரு மெல்லிசு ஹோஸ் போகுதில்லீங்களா, அதுல நடு நாசில்கிட்ட டீசல் ஈரமா வேர்த்து நிக்குது. அதுனால ஏதாச்சும் ஆகுமா?

டீசல்_பெஞ்ச்

அது லீக்-ஆஃப் ஹோஸ். நாசில் ஊசிக்குப் பக்கவாட்டில் கசியும் டீசலைச் சேர்த்து டேங்குக்குத் திருப்புவது. வேர்ப்பதால் பவர் குறையாது, ஆனால் தூசி ஒட்டி இன்ஜின் மேல் சேறாகும், சைலன்சர் பக்கம் சொட்டினால் தீ ஆபத்து. துணி உறை போட்ட மெல்லிய ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பழைய துண்டு ஒன்றைக் கொண்டுபோய் உள்ளளவு பார்த்து வாங்குங்கள், ஒரு அளவு பெரிதானாலும் வேர்க்கும். பழசை இழுத்துப் பிடுங்காமல் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுங்கள், இழுத்தால் நாசில் முனை உடையும். புதுத்துண்டுகளைச் சற்றுத் தொய்வாக வெட்டி, முனையில் டீசல் தடவித் தள்ளுங்கள். கிளிப் வேண்டாம். கடைசி நாசிலில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதையும் சேர்த்து மாற்றுங்கள்.